ஒன்பது பட்டா, ஒரு வரத்துக்கால்: மேல்காட்டுக்காரர் ஏன் பணம் போடணும்?

செவக்காட்டான் · ஆகஸ்ட் 24

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், பங்காளிகளில் பாதிப் பேர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

ஊருக்கு மேற்கே 38 ஏக்கர் புஞ்சை, ஒன்பது பட்டா. மேற்கு ஓரம் செம்புறாங்கல் மேடு. அங்கிருந்து நிலம் கிழக்கே சரிந்து ஓர் ஊருணியில் முடிகிறது. ஊருணி எங்கள் பாட்டையா பர்மாப் பணத்தில் வெட்டியது. ஊரே குடித்தாலும் இடம் பட்டா இடம்தான், ஒன்பதில் ஒன்று, இன்றைக்கு அதில் 27 பங்கு. மேட்டிலிருந்து மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வாய்க்கால், அதாவது வரத்துக்கால், சுமார் 700 மீட்டர். மூன்று பேர் புஞ்சைக் காட்டைக் கடந்து வருகிறது. ஊருணிக்குக் கீழே நான்கு பேருக்குக் கிணறு. ஊருணி பெருகினால் நாலு கிணறும் ஏறும். ஊருணி வறண்டால் சித்திரையில் வாளி தரை தட்டும். ஒன்பதாவது ஆள் ஓரமாக இருக்கிறார், எதிலும் சேராதவர், அவரை விடுங்கள்.

இப்போது வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம். ஓரிடத்தில் வரப்பு மூன்றடி நகர்ந்து வந்து காலை நெருக்கிவிட்டது. ஐப்பசி மழை மேட்டிலிருந்து இறங்கி ரோட்டில் ஓடி, பஸ் நிறுத்தத்தில் குளம் கட்டுகிறது. ஊருணியில் கீழிருந்து நாலாவது படிகூட நனையவில்லை.

பொக்லைன்காரர் காலைச் சுத்தம் செய்து ஊருணியைத் தூர்வார 90,000 ரூபாய் சொன்னார். 38 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு 2,368 சொச்சம். தாள் போட்டு எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோனேன். கீழே நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மேல்காட்டு மூன்று பேரும் போடவில்லை. அதில் ஒருவர், வயதானவர், மோர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டார்: "என் காட்டு வழியா வர்ற தண்ணி உன் ஊருணிக்குப் போறதுக்கு நான் ஏன்யா காசு கொடுக்கணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வந்தால் சொல்லுங்கள்.

கலுங்குமேடு · ஆகஸ்ட் 24

தம்பி, அவர் கேட்டது சரி. தப்பு உன் கணக்கில்.

கண்மாய் ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்களில், ஏக்கருக்கு இவ்வளவு என்று வரி போடுவோம். ஏன்? மடை திறந்தால் ஏக்கருக்குத் தக்கபடி தண்ணீர் பாயும், அதனால் ஏக்கருக்குத் தக்கபடி காசு. உன் விஷயம் கண்மாய் இல்லை. இங்கே வழி விடுகிறவர் ஒருத்தர், குடிக்கிறவர் ஒருத்தர். வழி விடுகிறவரிடம் வரி கேட்டால் மோர் கொடுத்ததே பெரிய விஷயம்.

பொட்டல்வெயில் · ஆகஸ்ட் 24

இதெல்லாம் நடக்காது. நாங்களும் பத்து வருஷம் முன்னால் ஆரம்பித்தோம். ஆறு பேர் சேர்ந்து சுத்தம் செய்து, இரண்டு மழைக்கு நன்றாக நின்றது. மூன்றாம் வருஷம் ஒருத்தர் விற்றார். வாங்கியவர் மனை போட்டார். மஞ்சள் கல் நட்டு, கிராவல் அடித்து, கால் எங்கே இருந்தது என்றே தெரியாமல் போயிற்று. எங்களிடம் இருந்தது வாய்ப்பேச்சு மட்டும்தான். கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு நாலு தடவை போய்விட்டு நானும் விற்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால் நல்ல விலைதான் கிடைத்தது.

முற்றத்துமழை · ஆகஸ்ட் 25

நான் கானாடுகாத்தான் பக்கம். உங்கள் ஊருணிக்கு மேற்கிலிருந்து மட்டும்தான் தண்ணீர் வருகிறதா, வீடுகளிலிருந்து வராதா? எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஓட்டில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, தொட்டியும் அண்டாவும் நிறைந்தது போக, மீதி தெருச் சாக்கடை வழியாக ஊருணிக்கே போகும்படி கட்டியிருந்தார்கள். அப்போது அது சாக்கடை இல்லை, மழைக்கால். பிறகுதான் குளியலறைத் தண்ணீரையும் அதில் திருப்பினோம்.

எங்கள் வீட்டுக்கு 40 பங்குக்கு மேல். ஓடு மாற்ற வேண்டுமென்றால் சென்னை, கோலாலம்பூர், நியூஜெர்சி மூன்று இடத்துக்கும் போன். ஒரு குழாய் அடைப்பெடுக்கவே ஆறு மாதம். 27 பங்கு ஊருணி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும்.

சட்டப்புள்ளி · ஆகஸ்ட் 25

வக்கீல் தொழில் என்பதால் சட்டம் மட்டும் சொல்கிறேன், ஊர்ப் பஞ்சாயத்து உங்கள் பாடு.

முதலில் அந்த மூன்று சர்வே எண்ணுக்கும் புல வரைபடமும் (நில அளவைப் படம்) அ-பதிவேடும் (எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் பதிவேடு) எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். கால் ஓடும் இடம் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு இடம். வரப்பை நகர்த்தியவர் ஆக்கிரமித்திருக்கிறார், கதை வேறு. பட்டாவுக்குள் ஓடினால்தான் உங்கள் கேள்வியே வரும்.

பட்டாவுக்குள் ஓடும் காலுக்கு 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் இருக்கிறது. ஒருவர் நிலத்தின் வழியாக இன்னொருவர் 20 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு தண்ணீர் கொண்டுபோயிருந்தால் அது உரிமையாகிவிடும், அடைக்க முடியாது. ஆனால் கால் என்று உருவாகாமல், தரைமேல் பரவலாக ஓடும் மழைத் தண்ணீரைத் தன் எல்லைக்குள் பிடித்து வைத்துக்கொள்ள நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. அதாவது மேல்காட்டுக்காரர் காலை அடைக்கக் கூடாது. தன் காட்டில் விழும் மழை காலுக்கே வராதபடி வரப்புப் போட்டால் யாரும் கேட்க முடியாது. இது ஞாபகத்தில் இருக்கட்டும். கோர்ட்டுக்குப் போய் காலை ஜெயித்து, தண்ணீரை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொட்டல்வெயில் சொன்னதற்கும் இதிலேயே பதில். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். வில்லங்கத்தில் வந்தால்தான் வாங்குகிறவர் கண்ணில் படும்.

தோபாயோக்காரன் · ஆகஸ்ட் 26

அந்த 27 பங்கில் ஒன்று என்னுடையது என்று நினைக்கிறேன். செவக்காட்டானை எனக்குத் தெரியும், அவருக்கு என்னைத் தெரிகிறதா பார்ப்போம்.

ஏக்கர் கணக்கு எதற்கு? நகரத்தார் எல்லாரும் கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுகிறோம் இல்லையா? கல்யாணமானால் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு. கோடீஸ்வரனும் அதே தொகை, பெட்டிக்கடைக்காரரும் அதே தொகை. சிங்கப்பூரில் இருந்தாலும் புள்ளி புள்ளிதான். யாரும் எனக்கு என்ன வருது என்று கேட்டதில்லை. ஊருணிக்கும் அப்படியே போடலாம்.

கலுங்குமேடு · ஆகஸ்ட் 26

ஐயா, கோயிலில் சாமி எல்லாருக்கும் ஒரே தூரத்தில் இருக்கிறது. தண்ணீர் அப்படி இல்லை. பள்ளத்தில் இருக்கிறவனுக்குப் பக்கம், மேட்டில் இருக்கிறவனுக்குத் தூரம். அதோடு அந்த மேல்காட்டு மூன்று பேரும் உங்கள் புள்ளிக் கணக்கில் வருகிறவர்களா? இல்லையென்றால் அவர்களுக்கு எந்த வரி?

செவக்காட்டான் · ஆகஸ்ட் 26

இல்லை. மூன்று பேரும் வேறு ஆட்கள். இரண்டு பேர் அம்பலம் குடும்பம், ஒருவர் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து வாங்கியவர். புள்ளிக் கணக்கை ஊருணிப் பங்கு 27-க்குள் வைத்துக்கொள்ளலாம், அது நல்ல யோசனை. மாமா, உங்களைத் தெரிகிறது.

கிடைக்காரர் மகள் · ஆகஸ்ட் 27

எல்லாரும் நிலம் வைத்திருப்பவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள். அந்த 38 ஏக்கரில் அறுவடை முடிந்த பிறகு மேய்கிறது யார் ஆடு? எங்கள் அப்பா முப்பது வருஷமாக இந்தப் பக்கத்துக் காடுகளில் கிடை போட்டவர். பட்டா யாருடையதாக இருந்தாலும் தை கழிந்தால் காடு பொது. ஆடு மேயும், இரவு அங்கேயே கிடையில் அடையும், விடிந்தால் காட்டுக்கு எரு. காசும் கொடுப்பார்கள், சில இடத்தில் நெல். இப்போது எல்லாரும் முள்வேலி. வேலி போட்ட காட்டில் எருவும் இல்லை.

இன்னொன்று, எங்கள் மேல் சொல்லும் குற்றத்தை நானே சொல்லிவிடுகிறேன். சீமைக்கருவேலத்தைப் பரப்புவது ஆடுதான். இலையைத் தொடாது, நெற்று என்றால் உயிர். விதை செரிக்காமல் புழுக்கையில் வந்து விழுந்து நன்றாக முளைக்கும். பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்கினாலும் அடுத்த மழைக்கு வரத்துக்கால் பச்சையாகிவிடும். ஆனால் முளைத்து ஒரு மாதத்துக்குள் மண் ஈரமாக இருக்கும்போது கையால் இழுத்தாலே வரும். அதற்கு ஆள் போட்டீர்களா என்பதுதான் கேள்வி. வெட்டி மட்டும் விட்டால் அடியிலிருந்து நாலு கிளை வரும், முன்னைவிட மோசம்.

செவக்காட்டான் · ஆகஸ்ட் 27

ஆள் போடுவதை யோசிக்கவே இல்லை. 90,000 ஒரு தடவைச் செலவு என்றே கணக்குப் போட்டிருந்தேன்.

நீர்க்கணக்கு · ஆகஸ்ட் 28

கொஞ்சம் எண் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லட்சம் லிட்டர். மேல்காடு மூன்றும் சேர்ந்து எத்தனை ஏக்கர்? 20 என்று வைத்தால், ஒரு நல்ல மழையில் 20 லட்சம் லிட்டர் அங்கே விழுகிறது. எல்லாம் ஓடி வராது, மண் குடித்தது போகத்தான் வரும். செம்புறாங்கல் மேடு என்பதால் அடித்துப் பெய்யும் மழையில் ஓட்டம் அதிகமிருக்கும், தூறலில் ஒன்றும் வராது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன். மேல்காட்டுக்காரருக்கு என்ன லாபம் என்றால், எல்லாரும் சொல்வது சரிவுக்குக் குறுக்கே வரப்பும் பண்ணைக்குட்டையும். நல்லதுதான், கடலையும் உளுந்தும் ஓர் ஈரம் அதிகமாகத் தாங்கும். ஆனால் அவர் பிடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் ஊருணிக்கு வராத லிட்டர். பெரிய குட்டை வெட்டினால் காலைச் சுத்தம் செய்தும் ஊருணி காயும். சட்டப்படி அவர் செய்யலாம் என்று மேலே ஒருவர் சொல்லிவிட்டார்.

அதனால் குட்டையின் அளவை முதலிலேயே பேசுங்கள். 10 மீட்டருக்கு 10, ஆழம் ஒன்றரை என்று வெட்டினால், பக்கம் நேராக இருந்தாலும் ஒன்றரை லட்சம் லிட்டர். சரிவு வைத்து வெட்டுவதால் அதைவிடக் குறையும். மூன்று குட்டைக்கும் முதல் மழை போதும், அப்புறம் வழிவது எல்லாம் காலுக்கு. முதல் மழை மேலே, மறு மழை கீழே.

பிரியாத ஆந்திராவில் விவசாயிகளே கிணற்று மட்டத்தை அளந்து, ஊர் கூடி வரவு செலவு பார்த்து, எந்தப் பயிர் என்று முடிவு செய்யும் ஏற்பாடு ஏழு மாவட்டங்களில் நடந்தது. தடை என்று யாரும் போடவில்லை, எண்ணைச் சுவரில் எழுதினார்கள், அவ்வளவுதான். மகாராஷ்டிராவில் ஹிவரே பஜார் அதற்கு எதிர்: பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பு கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்தது. உங்கள் நாலு கிணற்றுக்காரருக்கும் இதில் எது பொருந்தும் என்று பாருங்கள். ஊருணி நிறைந்து கிணறு ஏறிய பிறகு நாலு பேரில் ஒருவர் போர் போட்டு ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை இரவெல்லாம் ஓடவிட்டால், மற்ற மூன்று பேர் கொடுத்த காசு அவர் காட்டில் நெல்லாக நிற்கும். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், நிறுத்த அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

செவக்காட்டான் · ஆகஸ்ட் 28

மேல்காடு 21 ஏக்கர். நாலு கிணற்றுக்காரரில் ஒருவர் போர் போட எஸ்டிமேட் வாங்கி வைத்திருக்கிறார். அந்த ஒருவர் என் சித்தப்பா.

பொட்டல்வெயில் · ஆகஸ்ட் 28

நான் சொன்னேனே.

முற்றத்துமழை · ஆகஸ்ட் 29

பொட்டல்வெயில், நடக்காது என்பதைச் சொல்ல நீங்கள்தான் வேண்டுமா? திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்குப் போய்ப் பாருங்கள். சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1977-இல். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவை கலையக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது சின்ன விஷயமா?

கலுங்குமேடு · ஆகஸ்ட் 29

நல்ல ஊர், மறுக்கவில்லை. ஆனால் வெடி போடாமல் இருப்பதற்குக் காசு வேண்டாம். இங்கே பொக்லைனுக்கு மணிக்கணக்கில் மீட்டர் ஓடுகிறது.

தம்பி, நான் பழைய வழக்கம் ஒன்று சொல்கிறேன். எங்கள் கண்மாயில் நீர்ப்பாய்ச்சி என்று ஓர் ஆள் இருந்தார். மடை திறப்பது, அடைப்பது, எந்தத் தாக்குக்கு (வயல் துண்டுக்கு) எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர்தான். ஆயக்கட்டில் அவருக்கு நிலம் கிடையாது. அதனால்தான் அவர் சொல் நின்றது. கூலி களத்தில் நெல்லாக அளப்போம், எல்லார் களத்திலிருந்தும். ஒரு வீட்டு நெல்லை மட்டும் வாங்கினால் அந்த வீட்டு ஆளாகிவிடுவார் அல்லவா? கூலி சுருங்கியது, அவர் மகன் திருப்பூர் போனான், கண்மாயில் தண்ணீர் கிடந்தும் கடைமடைக்குப் போகவில்லை. வாரியத்தையும் சங்கத்தையும் கலெக்டரையும் திட்டினோம். எங்களுக்குப் போனது ஓர் ஆள்தான்.

உனக்கும் ஓர் ஆள் வேண்டும். முளையைப் பிடுங்க, வழியைப் பார்க்க, கிணற்று மட்டத்தை அளந்து சுவரில் எழுத. ஒன்பது பட்டாவில் எதுவும் அவருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது.

கிடைக்காரர் மகள் · ஆகஸ்ட் 29

கிடைக்காரர்கள் அந்தப் பக்கம் தினமும் நடப்பவர்கள்தான். சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

செவக்காட்டான் · செப்டம்பர் 18

மூன்று வாரமாக அலைந்து முடித்ததைச் சொல்கிறேன்.

புல வரைபடம் எடுத்தோம். 700 மீட்டரில் மேலே 400 வாய்க்கால் புறம்போக்கு, கீழே 300 பட்டா. வரப்பு நகர்ந்தது புறம்போக்கில்தான். அளந்து காட்டியதும் அந்த அம்பலம் வீட்டுக்காரர் பேசாமல் வரப்பைப் பின்னால் எடுத்துக்கொண்டார். சண்டை வரும் என்று பயந்தது அங்கே, வந்தது வேறிடத்தில்.

பழைய தாளைக் கிழித்துவிட்டேன். மேல்காட்டாரிடம் காசு இல்லை. 90,000-இல் கிணற்றுக்காரர் நாலு பேர் 60,000, ஊருணிப் பங்கு 27 பேர் 30,000. புள்ளிபோல ஆளுக்கு ஒரே தொகை, 1,111 ரூபாய் சொச்சம். மாமா தோபாயோவிலிருந்து முதல் ஆளாக அனுப்பினார். பங்குக்காரர்களில் நாலு பேர் இன்னும் அனுப்பவில்லை, அதை நான் போட்டிருக்கிறேன்.

மேல்காட்டாருக்கு: அவரவர் காட்டோரம் பிடுங்கும் கருவேல விறகு அவரவருக்கு. ஊருணி வண்டல் மேலே ஏற்றி அவர்கள் சரளையில் கொட்டித் தருவது. பொக்லைன் நிற்கும்போதே நீர்க்கணக்கு சொன்ன அளவில் ஒரு குட்டை. மோர் கொடுத்த பெரியவர் வண்டலுக்காகத்தான் ஒப்புக்கொண்டார். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா உனக்கு ரெண்டு டம்ளர் மோர் கொடுத்திருப்பேன்" என்றார்.

வெளியூர்க்காரர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பட்டாவில் 60 மீட்டர் கால். அடைக்க மாட்டேன், மிஷின் மட்டும் இறங்கக் கூடாது என்கிறார். அங்கே மட்டும் ஆள் வைத்து மண்வெட்டியால் எடுக்கிறோம்.

சித்தப்பா விஷயம் பற்றிக் கேட்காதீர்கள்.

சட்டப்புள்ளி · செப்டம்பர் 18

ஓர் எச்சரிக்கை. வண்டலை வெளியே விற்காதீர்கள். பட்டா ஊருணி என்றாலும் மண்ணை வெட்டி லாரியில் ஏற்றினால் கனிம அனுமதி கேட்பார்கள். ஏற்றுவதற்கு முன் எழுதிக் கொடுத்து உரிய அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்தாயிற்றா?

செவக்காட்டான் · செப்டம்பர் 18

மேலே இரண்டு பேரும் கீழே மூன்று பேரும் பதிவு செய்துவிட்டோம். மண்ணுக்கு மனு கொடுத்திருக்கிறேன், அனுமதி வந்த பிறகுதான் வண்டி.

செவக்காட்டான் · நவம்பர் 3

மழை வந்தது. நல்ல மழை. கரை உடைந்தது.

காலின் தென்கரையில் இருந்த கருவேலத்தைத் தூரோடு பிடுங்கியபோது மண் பொலபொலவென்று ஆகிவிட்டது. அதைக் கெட்டிக்காமல் விட்டோம். இரண்டாவது மழையில் பெரியவர் காட்டோரம் 12 அடி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பாதித் தண்ணீர் அவர் கடலையில். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கலுங்குமேடு · நவம்பர் 3

கரையில் பனை ஏன் நின்றது என்று நினைக்கிறாய்? வேர் சல்லியாக இறங்கி மண்ணைப் பிடிக்கும், நிழல் அடிக்காது, காட்டைத் தின்னாது. பிடுங்கின கையோடு பனங்கொட்டை ஊன்றியிருக்கணும். இப்போதும் ஊன்று, கொட்டை கிடைக்கிற காலம்தான். ஆனால் பனை வளர்கிற வரைக்கும் சாக்கில் மண் கட்டி அடுக்கி, மேலே அருகம்புல் பத்தை வெட்டி ஒட்டு. மண்ணை ஈரத்தோடு மிதித்து இறுக்கணும், காய்ந்த மண்ணைக் கொட்டினால் அடுத்த மழைக்கும் போகும்.

நீர்க்கணக்கு · நவம்பர் 4

உடைந்தது யார் செலவு? ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

செவக்காட்டான் · நவம்பர் 4

இல்லை. எழுதவே இல்லை. கடலைக்கு நஷ்டம் கொடுக்கணும் என்றேன், கிணற்றுக்காரர்கள் "அது கடவுள் செயல்" என்கிறார்கள். கடவுளா பொக்லைன் ஓட்டினார்? கடைசியில் கடலையை மதிப்புப் போட்டது கிடைக்காரர் அனுப்பிய ஆள். ஆமாம், அவரைத்தான் வைத்திருக்கிறோம். ஐப்பசியிலிருந்து தை வரை மாதம் 1,500, அதோடு தை முடிந்ததும் காடுகளில் அவர் ஆட்டுக்கு வழி. முளை பிடுங்குகிறார், தினமும் சுவரில் எழுதுகிறார். கடலைக்கு 4,000 என்றார். பெரியவரும் சரி என்றார், சித்தப்பாவும் சரி என்றார். நான் சொல்லியிருந்தால் இரண்டு பேருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

தோபாயோக்காரன் · நவம்பர் 5

4,000-இல் ஊருணிப் பங்குக்கு எவ்வளவு? கணக்கைப் படமெடுத்து அனுப்பு. சுவரையும் சேர்த்து எடு.

செவக்காட்டான் · நவம்பர் 6

மாமா, அனுப்பியிருக்கிறேன். சுவரில் கிணற்று மட்டம் நாலும் இருக்கிறது, சித்தப்பா கிணறு தரையிலிருந்து 19 அடியில். போர்க்காரர் இந்த வாரமும் போன் செய்தாராம், தை கழியட்டும் என்று சொல்லிவிட்டாராம். ஊருணியில் இன்று காலை ஏழாவது படி நனைந்திருந்தது. மொத்தம் பதினோரு படி.